செவ்வாய்க்கிழமைகளில் நொதி சோர்ந்துவிடுகிறது

அக்டோபர் 16, திங்கள்

ஆராய்ச்சி செய்பவன் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று கைடு இன்று சொன்னார். சிந்தனை ஒழுங்குபடுமாம். லேப் நோட்டில் எழுதக்கூடாததை எழுத ஓர் இடம் வேண்டும் என்பது என் காரணம்.

பின்னாளில் இதைப் படிக்கப்போகும் எனக்காக (வேறு யார் படிக்கப்போகிறார்கள்) சிறு அறிமுகம். பெயர் கோமதிநாயகம். தாத்தாவின் பெயர். எனக்கு இருபத்தேழு, பெயருக்கு எழுபது. நாங்குநேரி தாண்டிக் கருவேலங்காட்டுக்கு நடுவில் முளைத்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் ஆய்வு. நான்காவது வருடம். பட்டம் இதோ வருகிறது என்று மூன்று வருடமாக அம்மாவிடம் சொல்லிவருகிறேன்.

பதநீர் எந்தக் கட்டத்தில் கள்ளாக மாறுகிறது என்று கண்டுபிடிக்கும் கருவி செய்கிறோம். எங்கள் பக்கத்தில் இதை எந்த மூக்கும் செய்யும். ஆனால் மூக்குக்கு ஆய்வு நிதி கிடையாது.

கருவிக்குள் ஒரு சிறு குழாய். குழாய்க்குள் நொதி. சாராயம் கலந்த நீர் அதன் வழியே ஓடினால் நொதி சாராயத்தைத் தின்னும். தின்னும்போது இரண்டு காரியம் நடக்கிறது. கொஞ்சம் சூடு பிறக்கிறது. கொஞ்சம் பெராக்சைடு பிறந்து, மின்முனையில் பட்டு, கரண்ட் ஓடுகிறது. சூட்டை ஓர் உணரி அளக்கிறது, கரண்டை இன்னொன்று. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். கலப்புக் கருவியின் பெருமையே அதுதான்.

கைடு பேராசிரியர் ஆவுடையப்பன் இந்தப் பெருமையை இன்னொரு படி உயர்த்தினார். ஒரே கருவியை இரண்டு பிஎச்.டி.யாக அறுத்தார். சூடு எனக்கு. கரண்ட் ஜெசிந்தாவுக்கு.

ஜெசிந்தா குளச்சல்காரி. என்னைவிட ஒரு வருடம் ஜூனியர். மற்ற எல்லாவற்றிலும் சீனியர்.

அக்டோபர் 18, புதன்

நொதி வந்தது. ஐஸ் பெட்டியில், விரல்நுனி அளவு. விலையைக் கேட்டால் ஒரு கல்யாணச் செலவு ஞாபகம் வரும். ஃப்ரிட்ஜில் வைத்தோம். குளிர் போனால் செத்துவிடும் என்று பெட்டியின் மேல் நான்கு மொழியில் எழுதியிருந்தது. தமிழில் இல்லை.

குழாய்க்கு முன்னால் ஒரு நீளமான சுருள் உண்டு. நாம் செலுத்தும் நீர் அதில் சுற்றிச் சுற்றி வந்து, கருவியின் வெப்பநிலைக்கு அடங்கிய பிறகுதான் நொதியைச் சேரும். கைடு அதைப் பார்த்தார்.

“இம்புட்டு நீளம் எதுக்குவே? பீக் பரந்துல்லா போவுது. வெட்டும்.”

வெட்டினேன். திரையில் கோடு எழும்பும் முகடு, எங்கள் பாஷையில் பீக், கூர்மையாக வந்தது. கைடு தன் மீசையைத் தடவிக்கொண்டார்.

குழாயும் சுருளும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும்; அதன் சூட்டில் கருவியின் மூடி எப்போதும் லேசான வெதுவெதுப்பு. ஜெசிந்தா அறையில் சமைத்துக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவரும் டிபன் டப்பாவை அதன்மேல் வைக்கிறாள். “சூடாறாம கெடக்கும்லா.” இரண்டடுக்கு டப்பா. மேலடுக்கு எனக்கு என்று யாரும் அறிவித்ததில்லை. ஆனால் மேலடுக்கில் மிளகாய் குறைவு.

இன்று மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும்.

அக்டோபர் 20, வெள்ளி

நாளையிலிருந்து விடுமுறை என்பதால் ஆயுத பூஜை இன்றே. ஏற்பாடு என் பொறுப்பு. மையவிலக்கிக்குச் சந்தனம். தராசுக்குக் குங்குமம். அமில அளவிக்கு மாலை சுற்றினேன், அளவு மாறிப்போனது, யாரும் கவலைப்படவில்லை.

ஜெசிந்தா மதிய பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். போகும்போது, “ஃப்ரிட்ஜ பாத்துக்கலே” என்றாள். பார்த்துக்கொண்டேன். பெரிய பொட்டு அதற்குத்தான். வெள்ளையாக இருப்பதால் எடுப்பாகத் தெரிந்தது.

கற்பூரம் காட்டியதும் கைடு கண் கலங்கினார். “மிஷினுக்கும் ஓய்வு வேணும்வே. வருசம் பூரா உழைக்கி. ஒண்ணு விடாம எல்லாத்தையும் அணைச்சிரும்.”

ஒன்று விடாமல் அணைத்தேன். சுண்டலில் உப்பு கூடுதல்.

அக்டோபர் 25, புதன்

முதலில் வந்தது நான். மெயின் சுவிட்சைப் போட்டேன். ஃப்ரிட்ஜைத் திறந்தபோது யாரோ வைத்திருந்த பால் பாக்கெட் ஐந்து நாள் கதையைச் சொன்னது. கழுவினேன். பினாயில் ஊற்றினேன். ஜெசிந்தா வருவதற்குள் உள்ளே குளிர் வந்துவிட்டது.

சொல்லும்படி எதுவும் இல்லை. சொல்லவில்லை.

அக்டோபர் 27, வெள்ளி

கரண்ட் பாதியாகிவிட்டது. ஜெசிந்தா மின்முனையை மூன்று தடவை தேய்த்தாள். கரைசலை மாற்றினாள். ஒயரை மாற்றினாள். கரண்ட் இன்னும் விழுந்தது.

என் சூடு பிரமாதம். சாராயம் கூடக் கூட பீக் உயர்கிறது. உயரங்களை இணைத்தால் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேர்கோடு.

என் முறை எளிது. மூடிமேல் டப்பா போக மீதியுள்ள இடத்தில் ஐந்து குப்பிகளை வரிசையாக அடுக்குவேன். சாராயம் அதிகமுள்ள குப்பி டப்பாவை ஒட்டி. அடுத்தடுத்துக் குறைவு. வெறும் தண்ணீர் கடைசி ஓரத்தில். ஒழுங்கு எனக்குப் பிடிக்கும்.

அக்டோபர் 31, செவ்வாய்

இன்று பீக் எல்லாம் குட்டை. காரணம் தெரியவில்லை.

ஜெசிந்தாவுக்குச் செவ்வாய் அந்தோணியார் நோன்பு, சமையல் கிடையாது. கேன்டீனில் தக்காளி சாதம் என்ற பெயரில் ஒன்றைத் தின்றேன்.

நவம்பர் 2, வியாழன்

இரண்டு அளவுகளும் ஒத்துப்போகவில்லை என்று கைடிடம் போனோம். அவர் என் நேர்கோட்டை முதலில் பார்த்தார். அதன்பிறகு எதையும் பார்க்கவில்லை.

“ஒண்ணு மேல போவுது, ஒண்ணு கீழ போவுது. எதும்மா தப்பு?”

“நொதி செத்துருக்கும்னு தோணுது சார்,” என்றாள் ஜெசிந்தா.

“செத்த நொதிக்கு எப்படிம்மா சூடு வரும்? நாயகத்தோட கோட்டப் பாரு. இது சாவுற நொதி போடுற கோடா?”

“அதான் சார் எனக்கும் புரியல.”

“புரியலைன்னா கை சரியில்லன்னு அர்த்தம்.” என்னைப் பார்த்தார். “என்னவே சொல்லுதீரு?”

ஃபேன் சத்தமாக ஓடியதால் கேள்வி எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. தலையசைத்தேன். தலையசைப்புக்குப் பல பொருள் உண்டு.

டிசம்பர் முதல் தேதி வெளியிலிருந்து கமிட்டி வருகிறது. திட்டத்துக்கு இரண்டு ஸ்காலர் தேவையா, ஒருவர் போதுமா என்பதை அன்று முடிவு செய்வார்களாம். கைடு இதைச் சொல்லும்போது ஜெசிந்தாவைப் பார்க்கவில்லை. வெளியேறினால் அவளுக்குக் குளச்சல். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கிறவர். இரண்டு அக்காமாருக்கும் படிக்கும்போதே கல்யாணம். இவளுக்கு மட்டும் ‘பட்டம் வாங்கிட்டு வா’ என்று தவணை கொடுத்திருக்கிறார்கள்.

நேர்கோடு அழகாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 7, செவ்வாய்

மறுபடியும் குட்டை. இரண்டு செவ்வாய், இரண்டு சரிவு. மற்ற நாட்களில் குறையே இல்லை. நொதி வாரத்தில் ஒரு நாள் சோர்வடைகிறது என்று லேப் நோட்டில் பதிவு செய்தேன். ‘செவ்வாய் விளைவு’ என்று பெயரும் வைத்தேன். பெயர் வைத்தால் பாதி விளக்கிய மாதிரி.

கைடு மீதிப் பாதியை விளக்கினார். செவ்வாய் தோறும் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்களாம், குளோரின். பிறகு குரலைத் தாழ்த்தி, “செவ்வா நமக்கு ஆவாதுவே. கமிட்டி வெள்ளிக்கெழம வாரதுதான் நல்லது,” என்றார்.

மாலையில் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, தீபாவளி முடியும்வரை ஊரில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். இந்த லேபில் ஓய்வு கிடைத்தவர்களின் கதி ஃப்ரிட்ஜுக்குத் தெரியும்.

நவம்பர் 8, புதன்

ஜெசிந்தா போய்விட்டாள். லேப் அமைதி. வேலை செய்ய ஏற்ற சூழல்.

நவம்பர் 9, வியாழன்

பீக் இல்லை.

நவம்பர் 10, வெள்ளி

இன்றும் இல்லை. காரணங்களை ஆராய்ந்தேன். மின்னழுத்தம் தள்ளாடுகிறது. மழை, காற்றில் ஈரம். பம்பு வயதானது. நெடுஞ்சாலையில் லாரி போனால் மேசை அதிர்கிறது. கருவேல மகரந்தம்கூட ஒரு வாய்ப்பு.

லேபில் என்ன மாறியிருக்கிறது என்று பட்டியல் போட உட்கார்ந்தேன். ஒன்றும் மாறவில்லை. ஒரு நாற்காலி காலி. மூடிமேல் இடம் தாராளம்.

குப்பிகளைத் தொட்டுப் பார்த்தேன். ஐந்தும் ஒரே மாதிரி இருந்தன.

பிறகு வெகுநேரம் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் இல்லை.

நவம்பர் 11, சனி

நாங்குநேரி பாத்திரக்கடையில் ஓர் எவர்சில்வர் டிபன் டப்பா வாங்கினேன். வெளிச் சாப்பாடு வயிற்றுக்கு ஆகவில்லை. மெஸ்ஸில் சாம்பார் சாதத்தை ஆவி பறக்க அடைத்து வாங்கினேன். அதுவும் வெளிச் சாப்பாடுதானே என்று இங்கே கேட்க ஆளில்லை. என் தோள்பையில் ஜிப் போய் மாதக்கணக்காகிறது. வாயைச் சேர்த்து ஊக்கு குத்தி, சிந்தாமல் கொண்டுவந்தேன்.

மூடிமேல் வைத்தேன். மூடிமேல்தானே வைப்பார்கள்.

பீக் வந்தது. மின்னழுத்தம் சீராகியிருக்க வேண்டும்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. வீட்டில். பக்கத்து வீட்டு அத்தை முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டார். நான் அந்த டாக்டர் இல்லை என்றேன். “அப்பம் எந்த டாக்டரு?” என்றார். எந்த டாக்டரும் இன்னும் இல்லை என்பதை அம்மா முந்திக்கொண்டு மறைத்தாள். “அடுத்த தீவாளிக்கு ஆயிருவான்.”

ஜெசிந்தாவிடமிருந்து ஒரு செய்தி: ‘தீபாவளி வாழ்த்து. ஃப்ரிட்ஜ் ஓடுதா?’

‘ஓடுது’ என்று பதில் போட்டேன். உண்மை. இன்றைக்கு ஓடுகிறது.

நவம்பர் 14, செவ்வாய்

இந்தச் செவ்வாய் நொதி சோரவில்லை. மகிழ்ச்சி. ‘செவ்வாய் விளைவு’ பற்றி லேப் நோட்டில் இனி எழுதுவதாக இல்லை.

நவம்பர் 16, வியாழன்

கைடு உற்சாகத்தில் இருக்கிறார். கமிட்டிக்கான அறிக்கையைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்.

“கரண்ட் அளவீட்டில் காணப்படும் வீழ்ச்சி, ஆய்வாளரின் கைத்தவறு எனக் கருதப்படுகிறது. போட்டாச்சா?”

“போட்டாச்சு சார்.”

“வெப்ப அளவீட்டை மட்டும் தொடரப் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு ஆளு போதும்னு அவங்களே புரிஞ்சிக்கிடுவாங்க. நாமளா சொன்ன மாதிரி இருக்கப்படாது.”

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. தட்டச்சில் என்னைக் குறை சொல்ல முடியாது.

நவம்பர் 20, திங்கள்

ஜெசிந்தா திரும்பிவந்தாள். கொஞ்சம் கறுத்திருக்கிறாள். கடற்காற்று. கையில் அதே இரண்டடுக்கு டப்பா. மூடிமேல் வைக்கப் போனவள் நின்றாள். அங்கே என் டப்பா இருந்தது.

“நீ எப்பம்லே சோறு கொண்டுவர ஆரம்பிச்சே?”

“வயிறு சரியில்ல.”

“வயிறு சரியில்லாதவன் சாம்பார்சாதமா திம்பான்?” முகர்ந்தே சொன்னாள். பிறகு என் டப்பாவைத் தொட்டாள். கையை எடுத்தாள். பக்கத்துக் குப்பியைத் தொட்டாள். அடுத்ததை. அதற்கடுத்ததை. பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணும் டீச்சர்போல ஒவ்வொன்றாக.

“இது சூடு,” என்றாள். “இது கொஞ்சம் சூடு. இது அதவிடக் கொறச்சல். இது பச்சத் தண்ணி.”

பம்பு டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

“சுருளையும் வெட்டியாச்சு. சூட்டுத்தண்ணி அப்படியே உள்ள போவுது. சூடு காட்டாம பின்ன என்னத்தக் காட்டும்?” என் முகத்தைப் பார்த்தாள். “இது இத்தன நாளும் என் டப்பாவா நாயகம்?”

எனக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது.

நவம்பர் 21, செவ்வாய்

நோன்பு. அவல் தின்றுகொண்டே என் திரையைப் பார்த்தாள்.

“இன்னைக்கும் ஒசரமா வருதே. நொதிக்கு செவ்வாக்கெழம தீந்துபோச்சா?”

நான் எழுதிய பெயரைப் படித்திருக்கிறாள்.

நவம்பர் 23, வியாழன்

ஜெசிந்தா கைடிடம் போய்ச் சொல்லிவிட்டாள். டப்பா, குப்பி, சுருள், எல்லாம். பொட்டு வைத்த ஃப்ரிட்ஜைப் பற்றியும் தன் சந்தேகத்தைச் சொன்னாள். என்னையும் கூப்பிட்டனுப்பினார்.

கைடு சிரித்துக்கொண்டிருந்தார். “சோத்து டப்பாவாம்மா சயின்ஸ நடத்துது? ஒன் கரண்ட் படுத்துப்போச்சுன்னா அவன் சூட்டு மேல ஏன் பாயுத?”

“டப்பாவ எடுத்துட்டு ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாம் சார்.”

“ஓடுத வண்டிய ஏம்மா நிப்பாட்டணும்? ராசின்னு ஒண்ணு இருக்கு. கமிட்டி அன்னைக்கு லேபு இப்பம் எப்பிடி இருக்கோ அப்பிடியே இருக்கணும். டப்பா உட்பட.” என் பக்கம் திரும்பினார். “ஏன்வே, இவ சொல்லுதது உள்ளதா?”

இந்த முறை ஃபேன் ஓடவில்லை. கரண்ட் இல்லை.

“தெரியல சார்,” என்றேன்.

இலக்கணப்படி அது பொய்யில்லை. எது எவ்வளவு தெரியும் என்பதெல்லாம் தத்துவம்.

ஜெசிந்தா கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். ஓங்கிச் சாத்தியிருக்கலாம்.

நவம்பர் 24, வெள்ளி

ஜெசிந்தா பேசவில்லை. அவள் டப்பா ஜன்னலில். ஓரடுக்குதான் கொண்டுவந்திருந்தாள்.

நவம்பர் 28, செவ்வாய்

பீக் உயரம். கோடு நேர். கைடு அதைச் சட்டம் போடச் சொன்னார். நிஜமாகவே. கண்ணாடி போட்டு.

நவம்பர் 30, வியாழன்

குப்பிகளைக் கழுவினேன். தரை கூட்டினேன். அமில அளவியின் காய்ந்த மாலையை எடுத்தேன். ஃப்ரிட்ஜின் பொட்டைத் துடைக்கப் பார்த்தேன், கறையாகிவிட்டது. போகமாட்டேன் என்கிறது.

டிசம்பர் 1, வெள்ளி

காலையில் நான் வந்தபோது ஜெசிந்தா முன்பே வந்திருந்தாள். மூடிமேல் அவளுடைய டப்பா. பழைய இடத்தில்.

ஒரு வாரம் கழித்து என்னிடம் பேசினாள். “சார்தான் எல்லாம் பழையபடி இருக்கணும்னு சொன்னாரு.”

நான் குப்பிகளை அடுக்கினேன். அதிகம் டப்பாவை ஒட்டி, தண்ணீர் ஓரத்தில். கை டப்பாவில் பட்டது. ஜில்லென்று இருந்தது. பக்கவாட்டில் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

“தயிர்சாதம்லே. நேத்தே ஃப்ரிட்ஜில வச்சிட்டேன். இப்பம்தான் நல்லா ஓடுதே.” துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். “நான் விருந்தினர் விடுதிக்குப் போயி அவங்களக் கூட்டிட்டு வாறேன். வாறதுக்குள்ள உனக்கு என்ன தோணுதோ செய்யி.”

போய்விட்டாள்.

விடுதி வளாகத்தின் மறுகோடியில். கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போய்வர நிறைய நேரம் ஆகும்.

நாற்காலியில் என் பை. பைக்குள் என் டப்பா, மெஸ்ஸிலிருந்து நேராக, ஆவியோடு. பெருங்காய வாசனை பையைத் தாண்டி வந்தது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இதை எடுத்து அங்கே வைப்பது, அதை எடுத்து இங்கே வைப்பது.

ஜிப் சிக்கிக்கொண்டது.

கமிட்டியில் மூன்று பேர். இருவர் தூக்கத்தோடு வந்தார்கள். மூன்றாமவர் டாக்டர் யசோதரா, சென்னை, குட்டையான கூந்தல், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. கைடு பட்டு வேட்டியில் மாப்பிள்ளைக்கு அப்பாபோல் இருந்தார்.

முதலில் வெறும் தண்ணீர். கோடு அசையவில்லை. கைடு, “பாத்தீங்களா, தண்ணிக்கு ஒண்ணும் கெடையாது,” என்றார். இரண்டாவது குப்பி. கோடு லேசாகக் கீழே இறங்கியது. மூன்றாவது, இன்னும் கீழே. கடைசிக் குப்பிக்குத் திரையில் ஒரு கிணறு.

“ஒயர மாத்திப் போட்டுட்டீராவே?” கைடு பல்லுக்கிடையில் கேட்டார்.

“இல்ல சார்.”

“சாராயத்த எரிச்சா குளிருமா சார்?” என்றார் யசோதரா. “புதுசா இருக்கே.”

“மேடம், அது சில சூழ்நிலைகள்ல...” கைடு உண்மையிலேயே விளக்க ஆரம்பித்துவிட்டார். நொதியின் வெப்பம் உறிஞ்சும் மாற்றுப் பாதை பற்றி இரண்டு வாக்கியம் வரை போனார். எந்தக் கோட்டுக்கும் அவரிடம் ஒரு பாதை உண்டு.

யசோதரா எழுந்து வந்தார். கடைசிக் குப்பியைத் தொட்டார். டப்பாவைத் தொட்டார்.

“இதுல என்ன?”

“தயிர்சாதம் மேடம்,” என்றாள் ஜெசிந்தா. “மாதுளம்பழம் போட்டது.”

“மத்த நாள்ல?”

கேள்வி பொதுவாகக் கேட்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். யாரும் சொல்லாமலும் இருக்கலாம். ஜெசிந்தா தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சூடா இருக்கும் மேடம்,” என்றேன். “அதான் பீக்.”

கைடு என்னைப் பார்த்த பார்வையை உணரியில் விட்டிருந்தால் நல்ல பீக் வந்திருக்கும்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“இவங்க ஊருக்குப் போனப்ப. டப்பா இல்ல, பீக் இல்ல. அப்புறம் நானே ஒரு டப்பா வாங்கினேன்.”

யசோதரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜெசிந்தாவின் திரைக்குப் போனார். ஒன்றரை மாதக் கரண்ட் அதில் இருந்தது. ஒரு நாள்வரை மேலே, பிறகு படுக்கை. “இது மொதல்லேர்ந்தே நொதி செத்துப்போச்சுன்னுதானே சொல்லுது? யார் எடுத்தது?”

“நான் மேடம்.”

“அக்டோபர் கடைசில என்ன ஆச்சு?”

கைடு ஃபேனைப் பார்த்தார்.

“ஆயுத பூஜை மேடம்,” என்றேன். “ஃப்ரிட்ஜையும் அணைச்சுட்டேன்.”

“நீங்களேவா?”

“பொட்டும் வச்சேன்.”

தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் வெடித்துச் சிரித்து முழுதாக விழித்துக்கொண்டார். மதியச் சாப்பாடுவரை அவர் நிறுத்தவில்லை.

மாலை. அறை. சாம்பார் சாதம் ஆறி இறுகியிருந்தது. தின்றேன்.

டிசம்பர் 4, திங்கள்

முடிவு வந்தது. ஜெசிந்தா தொடரலாம். அவளுடைய கரண்ட் அத்தியாயங்கள் அப்படியே ஏற்கப்பட்டன. புது நொதி வந்ததும் மீதி ஆய்வை முடித்தால் சமர்ப்பிக்கலாம். என் சூட்டு அத்தியாயங்கள் அத்தனையும் தள்ளுபடி, எல்லாம் மறுபடி முதலிலிருந்து. குறைந்தது இன்னும் ஒரு வருடம். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் உண்டு. அதை மட்டும் கைடு தானே தட்டச்சு செய்தார். பிழைகள் இருந்தன.

கைடு என்னிடம் நேராகப் பேசுவதில்லை. “அந்த ஆளுட்ட சொல்லும்மா” என்று ஜெசிந்தா வழியாக வருகிறது. ஆனால் மனிதர் அசரவில்லை. ‘ஆய்வகங்களில் உணவினால் நேரும் வெப்பப் பிழைகள்’ என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு யோசித்திருக்கிறார். முதல் பெயர் அவருடையது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “அப்பம் அதுக்கடுத்த தீவாளிக்கு” என்றாள்.

சட்டம் போட்ட நேர்கோட்டை ஆணியிலிருந்து கழற்றினேன். கண்ணாடி நல்ல கண்ணாடி.

டிசம்பர் 6, புதன்

வெட்டிய சுருளுக்குப் பதில் புதுச் சுருள் சுற்றினேன். நீளமாகவே. ஜெசிந்தா குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் வேலை.

“ஏன்லே அன்னைக்கு டப்பாவ மாத்தல?” என்றாள். நிமிரவில்லை.

“ஜிப் சிக்கிருச்சு.”

“உன் பையில ஜிப் போயி எத்தன மாசம் ஆச்சு? ஊக்குல்லா குத்தி வச்சிருக்கே.”

யோசித்தேன்.

“ஊக்கு சிக்கிருச்சு.”

அவள் சுருளை இறுக்கிப் பிடித்தாள். “கைய ஆட்டாம சுத்து,” என்றாள்.

டிசம்பர் 12, செவ்வாய்

நேற்றுப் புது நொதி வந்தது. ஃப்ரிட்ஜின் சுவிட்சுக்கு மேல் ஜெசிந்தா ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள்: ‘இதற்கு ஓய்வு கிடையாது.’ கீழே என் பொட்டுக் கறை.

குப்பிகளைக் கருவியின் தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே மூழ்க வைத்தேன். எல்லாம் ஒரே சூடு. வரிசையையும் கலைத்துப் போட்டேன். எது எது என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

பீக் வந்தது. மிகச் சிறியது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஐந்து புள்ளிகளை இணைத்தால் கோணல் கோடு; யாரும் சட்டம் போடமாட்டார்கள். ஜெசிந்தா தன் கரண்டைப் பக்கத்தில் வைத்தாள். அதுவும் அதே இடங்களில் கோணல்.

“செவ்வாதானே இன்னைக்கு?” என்றாள்.

“செவ்வாதான்.”

அவளுக்கு நோன்பு. அவல். வாழைப்பழம் இரண்டு கொண்டுவந்திருந்தாள். ஒன்றை என் பக்கம் தள்ளினாள். ஜன்னலோரம் நின்று தின்றோம்.

நொதி சோரவில்லை. மூடிமேல் எதுவும் இல்லை.